மாவோரி மக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெலிங்டனில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊரிலிருந்து வரும் உறவினர்களும், புதிதாக வேலைக்கு வரும் தமிழ் இளைஞர்களும் மாவோரிகளைப் பற்றி என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ரக்பி ஆட்டத்துக்கு முன் கண்களை உருட்டி நாக்கை நீட்டி ஆடுகிறார்களே, அவர்கள்தானே என்று பேச்சு தொடங்கும். அதற்கு மேலும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். பிரிட்டிஷ் அரசியின் சார்பிலும் மாவோரித் தலைவர்களும் ஒப்பமிட்ட 1840ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். இரண்டு மொழிகளில் எழுதப்பட்டு, இரண்டிலும் வேறு வேறு பொருள் தந்த அந்தத் தாள் புரியாவிட்டால் இன்றைய நியூசிலாந்துச் செய்தித்தாளும் புரியாது.

மாவோரிகள் எங்கிருந்து வந்தவர்கள்? எப்போது வந்தார்கள்?

கிழக்குப் பொலினீசியத் தீவுகளிலிருந்து, அதாவது இன்றைய தஹிதி, குக் தீவுகள் இருக்கும் பக்கத்திலிருந்து, ஏறக்குறைய கி.பி. 1250க்கும் 1300க்கும் இடையில் வந்தார்கள். மனிதர் குடியேறிய பெரிய நிலப்பரப்புகளில் கடைசியாக ஆள் நடமாட்டம் கண்டது நியூசிலாந்துதான். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து 200 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் இந்த மண்ணில் மனிதக் காலடி பட்டிருக்கவில்லை.

வழி தவறி அடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் என்று முன்பு சிலர் எழுதினார்கள். அது சரியல்ல. விண்மீன்கள் எழும் திசை, அலைகளின் போக்கு, பறவைகள் பறக்கும் வழி ஆகியவற்றைப் படித்துக் கடலோடத் தெரிந்தவர்கள் அவர்கள். பெரிய படகுகளில் கிழங்கு விதைகளையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு குடியேறவே வந்தார்கள். தைனுய், தே அராவா, மாதாதுவா, தாக்கிதிமு என்று அந்தப் படகுகளின் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஒரு மாவோரி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது தன் மலை, தன் ஆறு, தன் படகு, தன் குலம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில்தான் தன் பெயரைச் சொல்கிறார். முதன்முதலாக இதைக் கேட்டபோது, ஒருவருடைய பெயருக்கு முன்னால் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

தென்தீவின் வடகிழக்கில் வைராவ் ஆற்று முகத்துவாரத்தில் முதல் தலைமுறைக் குடியேறிகளின் ஊர் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட எலும்புகள், அவர்களின் வழிவந்தவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2009இல் அதே மண்ணில் மீண்டும் புதைக்கப்பட்டன.

பெயர்களை எப்படி உச்சரிப்பது?

தமிழருக்கு இது எளிது. மாவோரியில் அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து உயிர்களும் அவற்றின் நெடில்களும் உண்டு. குறிலும் நெடிலும் மாறினால் பொருளே மாறிவிடும். கெகெ என்றால் கேக், கேகே என்றால் அக்குள்.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. சிறுவயதில் ங, ஙா, ஙி, ஙீ என்று ஒரு வரிசை முழுவதையும் மனப்பாடம் செய்தோம். தமிழில் அந்த வரிசையில் தொடங்கும் சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாவோரியில் அந்த ஒலிக்கு நிறைய வேலை இருக்கிறது. வழிவந்தோர் என்ற பொருளுடைய ‘ஙாத்தி’ என்ற சொல்லில்தான் பல குலப்பெயர்கள் தொடங்குகின்றன: ஙாத்தி போரௌ, ஙாத்தி தோவா. தென்தீவின் பெரிய குலம் ஙாய் தாஹு. ஆங்கிலேயர் நாக்கைச் சுழற்றித் தடுமாறும் இடத்தை நாம் அரிச்சுவடியிலேயே கடந்துவிட்டோம். இந்தப் பக்கத்தில் வரும் ங எழுத்துகளை ‘ங்க’ என்று அழுத்தாமல் ங என்றே படியுங்கள்.

மாவோரி என்ற சொல்லுக்கு ‘இயல்பான’, ‘வழக்கமான’ என்று பொருள். வெள்ளையர் வந்த பிறகே அது ஓர் இனத்தின் பெயரானது. வெள்ளையரை அவர்கள் பாக்கெஹா என்கிறார்கள். நாட்டை ஆவோதெயாரோவா என்கிறார்கள். நீண்ட வெண்முகிலின் நாடு என்று அதற்குப் பொதுவாகப் பொருள் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டார்கள்?

கொண்டுவந்த பயிர்களில் நம் வீட்டுக் கிழங்குகள் சில இருந்தன: சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு வகை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்க்கரைவள்ளி. சர்க்கரைவள்ளிக்கு மாவோரியில் கூமரா என்று பெயர். அதன் தாயகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியர் பசிபிக் கடலுக்குள் வருவதற்கு முன்பே பொலினீசியர் கையில் அது எப்படியோ வந்து சேர்ந்திருந்தது.

வெப்பத் தீவுகளில் வளர்ந்த கிழங்கை உறைபனி விழும் நாட்டில் பயிராக்கியதுதான் பெரிய சாதனை. வடதீவின் வைக்காத்தோ ஆற்றங்கரையில் ஆழக் குழி தோண்டி மணலும் சரளையும் எடுத்து, கூடை கூடையாகச் சுமந்துபோய் வயலில் கலந்தார்கள். மண் இளகி வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதற்காக. அந்தக் குழிகளையும் கலப்பு மண்ணையும் இன்றும் பார்க்கலாம். அறுவடைக்குப் பின் கிழங்குகளைக் கூரை போட்ட நிலவறைகளில் அடுக்கினார்கள். ஒரு கிழங்கில் கீறல் விழுந்து அழுகினால் அறை முழுவதும் அழுகும். அதனால் குழந்தையைத் தூக்குவதுபோல் கிழங்கைத் தூக்க வேண்டும். குளிர்காலம் முழுவதும் ஊர் உயிரோடிருப்பது அந்த அறையை நம்பித்தான்.

கூமரா விளையாத தெற்குப் பகுதிகளில் பறவை, மீன், சீல், பெரணி வேர் ஆகியவற்றைக் கொண்டு வாழ்ந்தார்கள். தொடக்கத்தில் மோவா என்ற பறக்காத பெரும்பறவைகள் இருந்தன. அவற்றில் பெரியது கழுத்தை நிமிர்த்தினால் 3 மீட்டருக்கும் மேல் உயரம். வேட்டையால் அவை முற்றாக அழிந்தன. இதை மறைக்க வேண்டியதில்லை, மாவோரிகளும் மறைப்பதில்லை.

மண்ணடுப்பில் சமைப்பதற்கு ஹாஙி என்று பெயர். குழி வெட்டி, கற்களை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, மேலே கூடைகளில் இறைச்சியும் கிழங்கும் வைத்து, ஈரத்துணி போர்த்தி மண்ணால் மூடிவிடுவார்கள். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால் மண்ணும் புகையும் கலந்த ஒரு மணம். அந்தக் கூமராவை உப்புக்கூட இல்லாமல் சாப்பிடலாம்.

சமூகம் எப்படி அமைந்திருந்தது?

ஃபானௌ என்பது பெருங்குடும்பம். பல குடும்பங்கள் சேர்ந்தது ஹப்பூ. பல ஹப்பூக்கள் சேர்ந்தது இவி, அதாவது குலம். அன்றாட வாழ்வில் நிலமும் வலையும் போரும் சமாதானமும் ஹப்பூவின் கையில் இருந்தன. தலைவருக்கு ரஙதிரா என்று பெயர். மாவோரி நாடு என்ற ஒன்றோ எல்லாருக்கும் பொதுவான அரசனோ 1858 வரை இல்லை. போரில் பிடிபட்டவர்கள் அடிமைகளாக வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மனா என்பது பிறப்பாலும் செயலாலும் ஒருவருக்கு வரும் மதிப்பு, ஆற்றல், அதிகாரம் எல்லாம் சேர்ந்தது. தபு என்பது புனிதமானதாகவும் தொடக்கூடாததாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் நிலை. தலை தபு உடையது. அதனால் தலைக்கு மேலாகத் தட்டை நீட்டக் கூடாது, தலையணை மேல் உட்காரக் கூடாது. உணவு வைக்கும் மேசை மேலும் உட்காரக் கூடாது. நம் பாட்டிமார்களின் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

மராயே என்றால் என்ன? நாம் போகலாமா?

மராயே என்பது கூட்ட மண்டபத்துக்கு முன்னுள்ள வெளி. மண்டபம், உணவுக்கூடம் எல்லாவற்றையும் சேர்த்தும் அப்படியே சொல்கிறார்கள். அழைப்பு இருந்தால் போகலாம், அழைக்காமல் உள்ளே நுழையக் கூடாது.

வாசலில் விருந்தினர் கூட்டமாக நிற்க வேண்டும். உள்ளிருந்து ஒரு பெண் நீண்ட குரலில் அழைப்பார். நம் பக்கத்திலிருந்து ஒரு பெண் பதில் குரல் கொடுப்பார். அந்தக் குரல்களின் வழியே இரு தரப்பிலும் இறந்தவர்களும் அழைக்கப்படுகிறார்கள். நான் முதன்முதலாக நின்றபோது அழைத்த அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சொற்கள் எனக்குப் புரியவில்லை. ஆனால் அது ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் நடுவிலுள்ள ஒரு குரல் என்பது புரிந்தது. மெதுவாக நடந்தோம், நடுவில் ஒருமுறை நின்றோம், பிறகு மீண்டும் நடந்தோம்.

உரைகள், ஒவ்வோர் உரைக்கும் பின் ஒரு பாட்டு, அதன்பின் ஹோஙி: நெற்றியும் மூக்கும் தொட்டு ஒரே மூச்சைப் பகிர்வது. கடைசியாகச் சாப்பாடு. சாப்பிட்டால்தான் தபு நீங்கி நாம் வீட்டு மனிதர்களாகிறோம். ஆகவே சாப்பாட்டுக்கு நிற்காமல் புறப்பட்டுவிடாதீர்கள்.

மண்டபத்தைக் கட்டடம் என்று பார்க்காதீர்கள். அது ஒரு மூதாதையரின் உடல். முகட்டு விட்டம் முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள், முகப்பில் சரியும் பலகைகள் விரித்த கைகள். செருப்பை வெளியே விட்டுவிட்டு அவருடைய நெஞ்சுக்குள் நுழைகிறோம்.

முகத்தில் பச்சை குத்துவது எதற்காக?

அதற்கு மோக்கோ என்று பெயர். பழைய முறையில் எலும்பு உளியால் தோலைச் செதுக்கினார்கள். அதனால் கோடுகள் பள்ளமாக விழும். வம்சம், தகுதி, சாதனை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் கோலம் இன்னொருவருக்கு வராது. 1840 ஒப்பந்தத்தில் சில தலைவர்கள் தங்கள் மோக்கோவின் ஒரு பகுதியை வரைந்தே ஒப்பமிட்டார்கள். இன்று பெண்கள் பலர் பெருமையோடு மோவாயில் மோக்கோ இட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் அமைச்சராக இருந்தவரும் உண்டு. அழகுக்காக அதை நாம் போட்டுக்கொள்வது அடுத்தவர் குடும்ப அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதுபோல. வேண்டாம்.

மோக்கோ இட்ட, பதப்படுத்திய மனிதத் தலைகளைத் துப்பாக்கிக்கு விலையாக ஐரோப்பியர் வாங்கிச் சென்ற கொடுமையும் நடந்தது. அவற்றைத் திரும்பக் கொண்டுவரும் பணியை வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகம் செய்து வருகிறது. 2012இல் பிரான்ஸ் 20 தலைகளைத் திருப்பித் தந்தது.

ரக்பி ஆட்டத்துக்கு முன் ஆடும் ஹாக்கா போர் நடனம்தானே?

போருக்கும் ஆடுவார்கள். வரவேற்புக்கும், திருமணத்துக்கும், சாவு வீட்டுக்கும் ஆடுவார்கள். பள்ளி ஆசிரியரின் சவப்பெட்டி வரும்போது மாணவர்கள் ஆடும் ஹாக்காவைப் பார்த்தால் அது என்னவென்று தெரிந்துவிடும்.

மனித இறைச்சி உண்டார்கள் என்பது உண்மையா?

போரில் நடந்தது, உண்மை. பகைவனின் மனாவை அழிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே அது நின்றுவிட்டது. ஒரு மக்களின் 700 ஆண்டு வரலாற்றில் இதை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐரோப்பியரை முதலில் சந்தித்தது எப்போது?

1642 டிசம்பரில் டச்சு மாலுமி ஏபெல் டாஸ்மன் தென்தீவின் வடமுனையில் நங்கூரமிட்டார். படகிலிருந்த ஙாத்தி தூமதாகோக்கிரி வீரர்கள் சங்கு ஊதினார்கள். டச்சுக்காரர் பதிலுக்குத் தங்கள் ஊதுகொம்பை ஊதினார்கள். நட்பு என்று டச்சுக்காரர் நினைத்திருக்கலாம். சவாலுக்குப் பதில் சவால் என்று மாவோரிகள் எடுத்துக்கொண்டிருக்கலாம். மறுநாள் நான்கு டச்சு மாலுமிகள் கொல்லப்பட்டார்கள். டாஸ்மன் கரையில் கால் வைக்காமலே போய்விட்டார். அதன்பின் 127 ஆண்டுகள் யாரும் வரவில்லை.

1769 அக்டோபரில் ஜேம்ஸ் குக் இன்றைய கிஸ்பர்ன் அருகே இறங்கினார். அன்றே தே மாரோ என்ற தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார்; அடுத்த நாளும் உயிர்கள் போயின. குக்கின் கப்பலில் துபையா என்ற மனிதர் இருந்தார். தஹிதிக்கு அருகிலுள்ள ரையாதேயா தீவின் பூசாரி, மாலுமி. அவர் வாய் திறந்ததும் கரையில் நின்றவர்களுக்கு அவர் பேச்சு புரிந்தது. ஐந்நூறு ஆண்டு பிரிவுக்குப் பின்னும் மொழி அறுந்திருக்கவில்லை! இது துபையாவின் கப்பல் என்றே பல இடங்களில் மாவோரிகள் எண்ணினார்கள். ஒரு மாவோரியும் கப்பலிலிருந்த வெள்ளையர் ஒருவரும் சிங்க இறாலுக்குத் துணி மாற்றிக்கொள்ளும் காட்சியைத் துபையா வரைந்திருக்கிறார். மாவோரி தன் இறாலின் கயிற்றை விடாமல் பிடித்திருக்கிறார், வெள்ளையர் துணியை விடாமல் பிடித்திருக்கிறார். பின்னால் நடந்ததெல்லாம் அந்தச் சிறு படத்தில் இருப்பதுபோல் எனக்குப் படும்.

2019இல், 250 ஆண்டுகள் கழித்து, அந்த மரணங்களுக்காகப் பிரிட்டிஷ் தூதர் அந்தக் குலத்தாரிடம் நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார்.

வெள்ளையர் வந்தவுடனே சண்டைதானா?

இல்லை. 1840 வரை வெள்ளையர் இங்கே இரண்டாயிரம் பேர்தான். மாவோரிகள் 70,000க்கும் மேல். யார் தயவில் யார் வாழ்ந்தார்கள் என்பது வெளிப்படை. திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு உருளைக்கிழங்கும் பன்றியும் ஆளிநார் போன்ற ஹரக்கெக்கெ நாரும் விற்றார்கள். மாவோரி இளைஞர்கள் அந்தக் கப்பல்களிலேயே சிட்னிக்கும் லண்டனுக்கும் போனார்கள். 1814 கிறிஸ்துமஸ் நாளில் சாமுவேல் மார்ஸ்டன் முதல் கிறிஸ்தவ வழிபாடு நடத்தியது ருவதாரா என்ற தலைவரின் பாதுகாப்பில்தான்.

கேடு துப்பாக்கி வடிவில் வந்தது. 1820இல் ஹோஙி ஹிக்கா என்ற மாவோரித் தலைவர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் மாவோரி இலக்கணம் தொகுக்க உதவினார், மன்னரைச் சந்தித்தார். திரும்பும் வழியில் சிட்னியில் நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். துப்பாக்கி உள்ள குலம் இல்லாத குலத்தை அழித்தது. 1830களின் முடிவுவரை நடந்த அந்த உள்நாட்டுப் போர்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், குலங்கள் இடம்பெயர்ந்தன. உருளைக்கிழங்குக்கும் இதில் பங்குண்டு: கூமராவைவிடக் குறைந்த உழைப்பில் விளைந்து நெடும்பயணப் படைக்குச் சோறு போட்டது அதுதான்.

வைதஙி ஒப்பந்தம் என்றால் என்ன? ஏன் இன்னும் அதைப் பேசுகிறார்கள்?

1840 பிப்ரவரி 6ஆம் தேதி வைதஙி என்ற இடத்தில் பிரிட்டிஷ் அரசியின் சார்பில் வில்லியம் ஹாப்சனும் மாவோரித் தலைவர்களும் ஒப்பமிட்ட மூன்றே பிரிவுகள் கொண்ட தாள் அது. ஆங்கில வரைவை மத போதகர் ஹென்றி வில்லியம்ஸும் அவர் மகனும் ஒரே இரவில் மாவோரியில் பெயர்த்தார்கள். அந்த இரவில் தேர்ந்தெடுத்த சில சொற்களுக்கு இந்த நாடு இன்றும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முதல் பிரிவு. ஆங்கிலத்தில் தலைவர்கள் இறையாண்மையை முழுமையாக அரசிக்குக் கொடுக்கிறார்கள். மாவோரியில் ‘காவனாதஙா’ கொடுக்கிறார்கள். காவனா என்பது கவர்னர் என்ற ஆங்கிலச் சொல்லின் மாவோரி ஒலிப்பு. கவர்னராக இருந்து நிர்வகிப்பது என்று பொருள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் 1835இல் தலைவர்கள் வெளியிட்ட சுதந்திர அறிவிப்பில் இறையாண்மை என்ற இடத்தில் ‘மனா’ என்ற சொல் இருந்தது. மனாவைத் தருகிறோம் என்று எழுதியிருந்தால் எந்தத் தலைவர் ஒப்பமிட்டிருப்பார்?

இரண்டாம் பிரிவு. ஆங்கிலத்தில் நிலம், காடு, மீன்பிடி உரிமை ஆகியவற்றின் உடைமை அவர்களுக்கே என்று இருக்கிறது. மாவோரியில் தங்கள் நிலம், ஊர், ‘தாஓஙா’ அனைத்தின்மீதும் ‘தினோ ரஙதிராதஙா’, அதாவது தலைவருக்குரிய முழு அதிகாரம், அவர்களுக்கே என்று இருக்கிறது. தாஓஙா என்றால் போற்றிக் காக்கும் செல்வம். பொருள் மட்டும் அல்ல. மூன்றாம் பிரிவு பிரிட்டிஷ் குடிமக்களின் உரிமைகளையும் பாதுகாப்பையும் தருகிறது.

நாடெங்கும் 500க்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. ஆங்கிலப் பிரதியில் ஒப்பமிட்டவர்கள் 39 பேர் மட்டுமே. மற்ற எல்லாரும் ஒப்பமிட்டது மாவோரிச் சொற்களின் கீழ். எழுத்தாலும் வாய்ச்சொல்லாலும் தங்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் அவர்கள் ஏற்றார்கள். என்னைக் கேட்டால், கையெழுத்து எந்த மொழிக்குக் கீழே இருக்கிறதோ அந்த மொழியில்தான் வாக்குறுதியைப் படிக்க வேண்டும்.

பின்னாளில் அந்தத் தாளை அரசு எப்படிப் பாதுகாத்தது தெரியுமா? 1908இல் ஓர் அலுவலக நிலவறையில் நீரில் நனைந்து எலி கடித்த நிலையில் கண்டெடுத்தார்கள்.

அப்படியானால் போர் எப்படி வந்தது?

ஒப்பந்தத்தில் வைதஙியில் முதலில் ஒப்பமிட்ட ஹோனே ஹேக்கே என்ற தலைவர்தான் முதலில் எதிர்த்தார். கோரோராரேக்கா என்ற ஊரில் பறந்த பிரிட்டிஷ் கொடியின் கம்பத்தை 1844, 1845 ஆண்டுகளில் நான்கு முறை வெட்டிச் சாய்த்தார்கள்.

பெரிய போர் நிலத்துக்காக வந்தது. 1858இல் வெள்ளையர் தொகை மாவோரிகளை முந்தியது. அதே ஆண்டில் நிலம் விற்பதைத் தடுத்து நிறுத்துவதற்காகப் பல குலங்கள் சேர்ந்து போததாவ் தே ஃபெரோஃபெரோவை முதல் மாவோரி அரசராக்கின. அப்போது வைக்காத்தோ மாவோரிகள் ஏழைகள் அல்லர். கோதுமை விளைவித்து, சொந்த மாவு ஆலைகளில் அரைத்து, ஆக்லாந்து நகரத்துக்கே விற்றவர்கள். அவர்களில் இருவர் ஆஸ்திரியக் கப்பலில் வியன்னா போய் அச்சுத்தொழில் கற்று, அங்கே பரிசாகக் கிடைத்த அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அரசர் இயக்கத்தின் செய்தித்தாள் அதில்தான் அச்சானது.

1863 ஜூலையில் கவர்னர் ஜார்ஜ் கிரேயின் ஆணைப்படி படைகள் வைக்காத்தோவுக்குள் நுழைந்தன. வளமான அந்த நிலம் வேண்டியிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ‘கலகக்காரர்’ நிலத்தைப் பறிக்கும் சட்டம் அதே ஆண்டு வந்தது. வைக்காத்தோவில் மட்டும் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் பறிபோனது.

மாவோரிகள் சாதாரண எதிரிகள் அல்லர். 1864 ஏப்ரல் 29 அன்று தவுரஙா அருகே 230 பேர் பதுங்குகுழிகளிலிருந்து 1,700 படையினரை முறியடித்தார்கள். அன்றிரவு அடிபட்டுக் கிடந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவருக்கு, உயிரைப் பணயம் வைத்துத் தண்ணீர் கொடுத்தவர் ஹேனி தே கிரி கராமு என்ற மாவோரிப் பெண் வீரர்.

பரிஹாக்காவில் என்ன நடந்தது?

தரனாக்கி மலையடிவாரத்து ஊர் பரிஹாக்கா. தே ஃபிட்டி, தோஹு என்ற இரு தலைவர்கள் ஆயுதம் தொடுவதில்லை என்று முடிவெடுத்து அங்கே மக்களைச் சேர்த்தார்கள். பறித்த நிலத்தை வெள்ளையருக்குப் பிரித்துக் கொடுக்க 1879இல் அளவையாளர்கள் வந்தபோது, ஏர் பூட்டி அந்த நிலத்தை உழுதார்கள். உழுதவனைக் கைது செய்தால் அடுத்த நாள் இன்னொருவன் அதே படைச்சாலில் ஏரைப் பிடித்தான். நூற்றுக்கணக்கானோர் விசாரணையே இல்லாமல் தென்தீவுச் சிறைகளில் அடைக்கப்பட்டார்கள்.

1881 நவம்பர் 5ஆம் தேதி காலை, அமைச்சர் ஜான் பிரைஸ் தலைமையில் ஏறத்தாழ 1,600 ஆயுதம் ஏந்தியவர்கள் பீரங்கியோடு ஊருக்குள் வந்தார்கள். எதிரே சிறு பிள்ளைகள். பாடிக்கொண்டும் கயிறு தாண்டிக்கொண்டும் வழியில் இருந்தார்கள். வந்தவர்களுக்காக 500 ரொட்டிகள் சுட்டு வைத்திருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மராயேயில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் கை ஓங்கவில்லை. தலைவர்களைக் கைது செய்தார்கள், மக்களை விரட்டினார்கள், வீடுகளை இடித்தார்கள், பயிரை அழித்தார்கள். 2017இல் அரசு அந்த ஊருக்கே வந்து மன்னிப்புக் கேட்டது. தண்டி உப்பு நடைக்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்த இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

மீதி நிலம் போனது எப்படி?

போரைவிட அதிக நிலத்தைக் காகிதம் எடுத்தது. தென்தீவில் 1848இல் ஒரே பத்திரத்தில் 1.35 கோடி ஏக்கரை ஙாய் தாஹு குலத்திடம் 2,000 பவுண்டுக்கு அரசு வாங்கியது. ஒதுக்கித் தருவதாகச் சொன்ன நிலத்தையும் பள்ளியையும் மருத்துவமனையையும் முறையாகத் தரவில்லை. வடதீவில் 1865இல் நில நீதிமன்றம் வந்தது. ஹப்பூ முழுவதற்கும் பொதுவான நிலத்தைப் பத்துப் பேருக்கு மேற்படாமல் தனிப்பெயரில் பதிந்தார்கள். வழக்குக்காக வாரக்கணக்கில் நகரத்தில் தங்கிய செலவு, நில அளவைக் கட்டணம், கடைக் கடன் எல்லாவற்றுக்கும் கடைசியில் நிலமே ஈடாகப் போனது. வழக்கில் வென்றவரும் நிலமில்லாமல் வீடு திரும்பினார். இதனோடு அம்மை, காய்ச்சல் நோய்களும் சேர்ந்து, 1896இல் மாவோரித் தொகை 42,000 அளவுக்கு விழுந்தது. அழியும் இனம் என்று வெள்ளையர் எழுதி வைத்தார்கள்.

அழியவில்லையே?

2023 கணக்கெடுப்பில் மாவோரிகள் 8,87,493 பேர், நாட்டில் 17.8 விழுக்காடு.

மொழிதான் மயிரிழையில் தப்பியது. பள்ளியில் மாவோரி பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அடி வாங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலம் மட்டும் பேசினார்கள். 1972இல் 30,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மொழி மனு நாடாளுமன்றப் படியேறியது. 1975இல் 79 வயது ஃபினா கூப்பர் என்ற மாவோரி மூதாட்டி நாட்டின் வடகோடியிலிருந்து வெலிங்டன்வரை நில உரிமை நடையை நடத்தி வந்தார். அதே ஆண்டு ஒப்பந்த மீறல்களை விசாரிக்கும் வைதஙி தீர்ப்பாயம் அமைந்தது. 1982இல் முதல் ‘கோஹஙா ரெயோ’ திறந்தது. மொழிக்கூடு என்று பொருள். பாட்டிகளும் தாத்தாக்களும் மழலைகளோடு மாவோரி மட்டுமே பேசும் பள்ளி.

இரண்டாம் பிரிவிலிருந்த தாஓஙா என்ற சொல் நினைவிருக்கிறதா? எங்கள் மொழியும் அரசி காப்பதாக வாக்களித்த தாஓஙாதானே என்று தீர்ப்பாயத்தின் முன் கேட்டார்கள். ஆம் என்று 1986இல் தீர்ப்பாயம் சொன்னது. 1987இல் மாவோரி ஆட்சிமொழியானது. ஆங்கிலப் பிரதியை மட்டும் படித்திருந்தால் அந்தச் சொல்லே கிடைத்திருக்காது.

இப்போது உறவு எப்படி இருக்கிறது?

1995இல் வைக்காத்தோ குலங்களுக்கு 17 கோடி டாலர் மதிப்பில் இழப்பீடும், அரசி எலிசபெத்தே கையொப்பமிட்ட மன்னிப்பும் கிடைத்தன. பறிபோனதில் அது சிறு பங்குதான். 2017இல் ஃபஙனுய் ஆறு சட்டப்படி ஒரு நபரானது. ‘நானே ஆறு, ஆறே நான்’ என்று அந்தக் கரை மக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வந்ததைச் சட்டம் ஏற்றது. நாம் கார்த்திகை மீன் என்று சொல்லும் விண்மீன் கூட்டம்தான் அவர்களின் மதாரிக்கி. நடுக்குளிரில் விடியலுக்கு முன் அது எழும்போது புத்தாண்டு. 2022 முதல் அது அரசு விடுமுறை.

பூசல் தீர்ந்துவிடவில்லை. ஒப்பந்தத்தின் கொள்கைகளைப் புதிதாக வரையறுக்க 2024இல் ஒரு மசோதா வந்தது. இளம் உறுப்பினர் ஹனா ராஃபிட்டி மைப்பி-கிளார்க் அதன் நகலை அவையிலேயே கிழித்து ஹாக்கா தொடங்கினார். நாடாளுமன்றத்தின் முன் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அன்று வெலிங்டன் தெருக்களில் கொடியேந்திய வெள்ளையரையும் நிறையப் பார்த்தேன். 2025 ஏப்ரலில் மசோதா 112க்கு 11 என்று தோற்றது.

தமிழ் மணி ஒன்று அங்கே கிடைத்ததாமே?

கிடைத்தது உண்மை. 1830களில் வடக்கே ஃபாஙரெய் பகுதியில் மத போதகர் வில்லியம் கொலென்சோ, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். விளிம்பு உடைந்த கப்பல் மணி அது. அதைச் சுற்றித் தமிழ் எழுத்துகள்: முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று.

இதை வைத்துத் தமிழர்தாம் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவர்கள் என்று பகிரும் செய்திகளை நம்ப வேண்டாம். தமிழ் முஸ்லிம் வணிகர் ஒருவரின் கப்பல் மணி என்பதற்கு மேல் அது எதையும் நிறுவவில்லை. எந்தக் கப்பலில், யார் கையில் அது கடல் கடந்தது என்பதற்குச் சான்று இல்லை. இந்த மண்ணைக் கண்டவர்கள் யார் என்பதை முதல் கேள்வியிலேயே பார்த்துவிட்டோம்.

புயலில் ஒரு பெரிய மரம் சாய்ந்தபோது அதன் வேரடியில் கிடைத்தது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். கொலென்சோ ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து மணியை வாங்கிக்கொண்டார். இப்போது அது தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேமிப்பில் இருக்கிறது. உள்ளங்கை இரண்டையும் குவித்தால் அடங்கிவிடும் அளவு.